ஆற்றோரத்தில் இலக்கியப் பூக்கள்

இளவேனிற் பருவத்தை வகுப்பறையில் விளக்கப் புகும் இந்நாட்டுத் தமிழாசிரியர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று நூல்கள் கூறுகின்றன. மாணவன் சன்னல் வழியே நோக்கினால் சித்திரைக்கும் ஐப்பசிக்கும் பெரிய வேறுபாடு காணான். ஆண்டு முழுதும் பசுமை. ஆண்டு முழுதும் மழை. ஆதலின் பிண்டி, தாழை, புன்னை முதலிய பூப்பெயர்கள் அவனுக்குத் தேர்வின் பொருட்டு மனனம் செய்யும் வெறுஞ்சொற்களாகவே நின்றுவிடுகின்றன. அப்பூக்களோ, அவற்றின் நெருங்கிய உறவுகளோ நம் நாட்டு ஆற்றங்கரைகளிலேயே நிற்கின்றன. அவற்றை எங்கே, எவ்வாறு காணலாம் என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கு வசந்தம் எப்போது?

நம் நாட்டு மரஞ்செடிகளுக்குப் பருவமே இல்லை என்று எண்ணுதல் தவறு. அவை மாதத்தைப் பாராமல் வானிலையைப் பார்த்துப் பூக்கின்றன. புறா ஆர்க்கிட் என்னும் சிறு வெண்பூவை எடுத்துக்கொள்வோம். சாலையோர மரங்களிலும் ஆற்றோர மரங்களிலும் இது தொற்றி வளர்வது. வெயில் மிகுந்த நாளில் திடீரென மழை பெய்து வெப்பம் சுமார் 5 பாகை தணியுமானால், அன்றிலிருந்து ஏறத்தாழ ஒன்பதாம் நாள் அவ்வட்டாரத்துப் புறா ஆர்க்கிட் எல்லாம் ஒருங்கே மலரும். ஒரே நாளில் வாடியும் விடும். பெருமழை பெய்த நாளை மாணவர் நாட்காட்டியில் குறித்து வைத்து ஒன்பது நாள் எண்ணட்டும். இங்கு வசந்தம் என்பது என்ன என்று அவர்களே உணர்வர்.

நான்கு பகுதிகள்

சிங்கப்பூர்ப் பூமலையில் பணியாற்றிய தாவரவியல் அறிஞர் கோர்னர், 1940ஆம் ஆண்டில் மலாயாவின் வழியோர மரங்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். மலையில் தோன்றிக் கடலிற் கலக்கும் வரை ஒவ்வொரு பகுதிக்கும் உரிய மரம் எது என்று கண்டு, அம்மரத்தின் பெயராலேயே ஆற்றின் பகுதிகளை அவர் குறித்தார். நிலத்தை அதன் பூவால் பெயரிட்டு அழைத்த நம் முன்னோர்தம் திணை முறையை அறிந்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. எல்லா ஆறுகளிலும் எல்லாப் பகுதிகளும் இரா. எனினும் வரிசை பெரும்பாலும் இதுவே.

முதலாவது, மலையடிவாரத்து ஓடை. கற்களின் இடையே தெளிந்த நீர் ஓடும் இவ்விடத்தில், நிழலில் நிற்கும் சிறு மரம் காப்பிஸ். மஞ்சளும் செம்மஞ்சளுமான பூங்கொத்துகள் கிளைகளில் மட்டுமன்றி அடிமரத்திலும் ஒட்டியவாறு பூக்கும். இப்பூவிற்கு இதழ்கள் இல்லை. இதழ்போல் தோன்றுவன நிறமேறிய புல்லிகளே. இளந்தளிர்கள் வாடிய துணிபோல் தொங்கிப் பின்னரே நிமிரும். இதன் பேரினம் சராக்கா. அசோகும் அதே பேரினத்தைச் சேர்ந்தது. அந்த அசோகே கபிலர் குறிஞ்சிப்பாட்டில் வரிசைப்படுத்திய 99 பூக்களுள் வரும் பிண்டி. காப்பிஸும் அசோகும் ஒன்றல்ல. ஒரு குடும்பத்துச் சகோதரர் போன்றவை. காப்பிஸ் வகைகளுள் ஒன்றின் அறிவியற் பெயரிலேயே தைப்பிங் நகரின் பெயர் அடங்கியுள்ளது. இத்தகைய ஓடைகளில், கருமையும் வெண்மையும் கலந்து கத்தரிபோல் வால் பிளந்த பறவை ஒன்று கல்லுக்குக் கல் தாவி இரை தேடும். காடும் ஓடையும் கெடாத இடத்திலேயே அது தங்கும்.

இரண்டாவது, விரைந்தோடும் அகன்ற ஆறு. இங்கு நேராம் என்னும் பெருமரம் தலைமை பெறும். பகாங், திரங்கானு, கிளந்தான் மாநிலத்து ஆறுகளில் இதனைக் காணலாம். 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தாமான் நெகாராவில், தஹான் ஆற்றோரப் பாதையில் நடப்போர் இதனைக் காணாமல் திரும்ப முடியாது. கரையிலிருந்து நீரின்மேல் சாய்ந்து வளரும் இம்மரங்களின் கிளைகள் இரு கரையிலிருந்தும் நீண்டு ஆற்றுக்குப் பந்தலிடும். கிளைகளில் பெரணிகளும் ஆர்க்கிடுகளும் நிறைந்திருக்கும். வெள்ளம் பெருகும்போது மண் அரித்துப் போகாமல் வேர்களால் கரையைப் பற்றி நிற்பதும் இதுவே. கீழே ஆழமான மடுக்களில் வாழும் கெலா மீன், கரைமரங்களிலிருந்து விழும் பழங்களை உண்ணும். நேராமுக்குத் தமிழில் வழங்கும் பெயர் இல்லை. இல்லாத பெயரை இலக்கியத்திலிருந்து இழுத்து வந்து ஒட்ட வேண்டுவதில்லை. நேராம் என்றே எழுதுவோம்.

மூன்றாவது, சமவெளியில் நிதானமாக ஓடும் கருநீர்ப் பகுதி. இங்கு ரசாவ் என்னும் தாழையினம் நீருக்குள்ளேயே வேரூன்றி வேலிபோல் அடர்ந்து நிற்கும். பகாங்கில் உள்ள தாசேக் பெராவில் இதனை நன்கு காணலாம். 1994ஆம் ஆண்டில் ராம்சார் உடன்பாட்டின்கீழ் அனைத்துலகச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இந்நாட்டின் முதல் இடம் அது. செமலாய் என்னும் பழங்குடி மக்கள் அங்கு வாழ்கின்றனர். நம் வீட்டுச் சமையலில் மணத்திற்காகச் சேர்க்கும் பண்டான் இலையும் தாழையினமே. ஆகவே தாழை என்னும் சொல்லை விளக்கும் ஆசிரியர், ஓர் இலையைக் கிள்ளி மாணவர் கையில் கொடுத்தே பாடத்தைத் தொடங்கலாம். ரசாவ் வேர்களின் இடுக்கில் மீன்குஞ்சுகள் பெருமீன்களுக்கு அஞ்சி ஒளிந்து வளர்கின்றன.

நான்காவது, கடலின் ஏற்றவற்றம் எட்டும் கழிமுகம். இங்கு நீப்பாவும் பெரெம்பாங் மரமும் நிற்கும். பெரெம்பாங் மரத்தின் பூ இரவில் விரிந்து காலையில் உதிர்ந்துவிடும். அதன் தேனை நாடி வருவன வௌவால்கள். பத்துமலைக் குகைகளில் தங்கும் தேனுண்ணி வௌவால்கள் இரவில் பல கிலோமீட்டர் பறந்து கடலோர மரங்களின் பூக்களை அடைகின்றன என்பதை 1970ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஆராய்ச்சி காட்டியது. இவ்வௌவால்களே டுரியான் பூவிலும் மகரந்தம் சேர்ப்பவை. டுரியான் சில வாரங்களே பூக்கும். மற்றைய நாட்களில் அவை வேறு பூக்களைச் சார்ந்தே உயிர் வாழ வேண்டும். கழிமுகத்து மரத்தை வெட்டியவன் மலையடிவாரத்து டுரியான் தோப்பிற்கும் கேடு செய்தவனாகிறான்.

கோலசிலாங்கூரை அடுத்த கம்போங் குவாந்தானில் இதே பெரெம்பாங் மரங்களில்தான் மின்மினிகள் கூடி, நொடிக்குச் சுமார் மூன்று முறை ஒரே தாளத்தில் ஒளிர்கின்றன. ஆனால் அவற்றின் இளம்புழுக்கள் மரத்தில் வளர்வதில்லை. கரைக்குப் பின்னுள்ள ஈரமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. மரத்தை மட்டும் காத்துப் பின்னுள்ள நிலத்தைத் திருத்திவிட்டால் மின்மினி மறைந்துபோகும்.

ஆறு முடிந்து கடற்கரை தொடங்குமிடத்தில் புன்னை நிற்கிறது. இது உறவு மட்டுமன்று; நெய்தல் நிலத்துப் புன்னையே. மலாயில் இதற்குப் பெனாகா என்று பெயர். பினாங்கின் ஜார்ஜ்டவுன் எழுந்த முனையைப் பழங்காலத்தில் தஞ்சோங் பெனாகா என்றனர். தமிழில் சொன்னால் புன்னை முனை!

நாம் செய்யத்தக்கவை

கரை வரை காட்டை அழித்துப் பயிரிட்ட இடங்களில் மண் சரிகிறது, நீர் கலங்குகிறது, மேற்சொன்ன மரங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. மரம் மறைந்தால் பெயர் மறையும். பெயரையே அறியாத தலைமுறை மரம் மறைந்ததையும் அறியாது. ஆதலின் பெயர் கற்பிக்கும் ஆசிரியரின் பணி சிறிதன்று.

ஆண்டிற்கொரு முறையேனும் மாணவரை அருகிலுள்ள ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்வது நன்று. மலையோடைக்குச் செல்வதாயின் ஒன்றை மறக்கலாகாது. மேலே மழை பெய்தால், கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே வெள்ளம் திடீரெனப் பாய்ந்து வரும். நீர் கலங்கினாலும், இலைதழை மிதந்து வந்தாலும் உடனே மாணவரைக் கரையேற்ற வேண்டும்.

பூவைப் பறிக்க வேண்டா. உதிர்ந்ததை எடுத்தால் போதும். ஒவ்வொரு மரத்திற்கும் மலாய்ப் பெயர், அறிவியற் பெயர், தமிழ்ப் பெயர் என மூன்று பத்திகளில் எழுதச் செய்யலாம். மலாய்ப் பெயரை ஊர்ப் பெரியவர்களிடம் மாணவரே கேட்டறியட்டும். தமிழ்ப் பெயர் இல்லாத இடத்தை வெற்றிடமாகவே விடட்டும். அவ்வாறு எழுதிய மாணவன் மறுநாள் பாடநூலில் பிண்டியைக் காணும்போது, அது அவன் பொருளுரை பார்த்து மனனம் செய்யும் சொல்லாக இராது. ஓடைக்கரையில் நின்று அண்ணாந்து பார்த்த மரத்தின் உறவாக இருக்கும்.