முதுமையில் தசை வலுவைக் காப்போம்



திருவிடந்தை, நெம்மேலி, கோவளம் பக்கம் வலை இழுத்தும் நாற்று நட்டும் உரமேறிய கைகால்கள், அறுபதைத் தாண்டியதும் ஏன் சூம்பிப் போகின்றன? "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். வயது ஒரு காரணம்தான். சாப்பாட்டுக் குறைவும் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பதும் அதை விரைவாக்குகின்றன.

இந்தத் தசை இழப்புக்கு 'சார்கோபீனியா' என்று 1989-ல் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க் பெயர் வைத்தார். பெயர் கிடக்கட்டும், உங்கள் வலுவைப் பாருங்கள். நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும் என்பது ஆசிய மருத்துவக் குழு 2019-ல் வகுத்த அளவு. கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் கிணற்றடியில் கால் தடுமாறும். இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு படுக்கைதான்.

நம் பாட்டிமார்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மீன் துண்டைப் பேரனுக்கு வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் தனக்கு ஊற்றிக்கொள்வார்கள். குழம்பில் ருசி இருக்கும். தசைக்கு வேண்டிய புரதச் சத்து துண்டில்தான் இருக்கிறது! மருமகள்மார்களே, அந்தத் தட்டைக் கொஞ்சம் பாருங்கள்.

50 கிலோ எடையுள்ள முதியவருக்குத் தினம் 50 முதல் 60 கிராம் புரதம் நல்லது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் சுமார் 6, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, நூறு கிராம் மீனில் 18 கிராம் அளவுக்குக் கிடைக்கும். ராத்திரி வெறும் ரசம் சாதம் போதாது. மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள். பல் இல்லையா? பயறு, கடலையை நன்றாக வேகவைத்து மசித்துக்கொள்ளலாம். கருவாட்டிலும் புரதம் உண்டு, ஆனால் உப்பு அதிகம். ரத்தக் கொதிப்புக்காரர்கள் குறைத்துக்கொள்க. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

சாப்பாடு மட்டும் தசையாகாது, வேலை கொடுக்க வேண்டும். 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு இரண்டு மடங்குக்கு மேல் கூடிற்று. நீங்கள் எடை தூக்க வேண்டாம். மேலே சொன்ன நாற்காலிப் பயிற்சியையே காலையும் மாலையும் செய்தால் போதும்.

நடமாட முடியாதவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சி கிடைக்கும். காரணமில்லாமல் உடம்பு இளைத்தால் வயதின் மேல் பழி போடாதீர்கள். சர்க்கரையும் காசநோயும்கூட அப்படி இளைக்க வைக்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.