சத்தம் போடாத சர்வர்

ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவா நகரத்துக்குப் பக்கத்தில் செர்ன் என்று ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1990-ஆம் ஆண்டின் கடைசியில் அங்கே ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறக்குறைய ஓர் அடி. ‘இது சர்வர், யாரும் அணைத்துவிடாதீர்கள்’ என்ற பொருளில் சிவப்பு மையால் எழுதிய சீட்டு ஒன்று அதன்மேல் ஒட்டியிருந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய உலகின் முதல் இணையதளம் அந்தப் பெட்டியிலிருந்துதான் ஓடியது. யாராவது தெரியாமல் சுவிட்சைத் தட்டியிருந்தால், அன்றைய உலகத்தில் இருந்த வலைத்தளம் மொத்தமும் காணாமல் போயிருக்கும்!

1996-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரண்டு மாணவர்கள் ஒரு தேடுபொறியைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தகவலைச் சேமிக்க ஒவ்வொன்றும் 4 ஜிகாபைட் பிடிக்கும் பத்து ஹார்டு டிஸ்க். அவற்றை வைக்க ஒரு கூடு வேண்டுமே? சின்னப் பிள்ளைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளால் கட்டிவிட்டார்கள். பிற்பாடு கூகுள் ஆன தேடுபொறி அதுதான். பத்து டிஸ்கும் சேர்ந்து 40 ஜிகாபைட். இன்றைக்கு உங்கள் விரல் நகம் அளவுள்ள மெமரி கார்டு அதைவிட அதிகம் பிடிக்கும்.

‘அப்படியானால் சர்வர் என்பது தனி மெஷின் இல்லையா, மாமா?’ என்று கேட்பீர்கள். இல்லை. அது ஒரு வேலையின் பெயர். மளிகைக் கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து, யார் வந்து எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறார் அல்லவா? அதே வேலையை நெட்வொர்க்கில் இருக்கிற மற்ற மெஷின்களுக்காக எந்தக் கம்ப்யூட்டர் செய்தாலும் அது சர்வர். வீட்டில் ஒன்று வைத்துக்கொண்டால் அம்மா போனில் எடுத்த கல்யாணப் போட்டோ, அப்பா சேர்த்து வைத்த பழைய பாட்டு, அக்காவின் கல்லூரி பிராஜெக்ட் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். யார் எந்த அறையிலிருந்து கேட்டாலும் கிடைக்கும்.

இதற்கு வேகமான புதுக் கம்ப்யூட்டர் தேவையே இல்லை. பரணில் தூங்கும் பழைய மெஷினே தாராளம். அதை இயக்க லினக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இவ்வளவு சுலபமா என்றால், ஒரு சிக்கல் உண்டு. இந்த மெஷின் இரவு பகலாக ஓட வேண்டும். ஆகவே சூடு வரும், சத்தம் வரும், அதிர்வு வரும், கரண்ட் பில்லும் வரும். வீட்டு சர்வரில் மூளையை விடப் பெட்டிதான் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். இந்த வேலைக்கு என் ஓட்டு, முழங்கால் உயரத்தைத் தாண்டி நிற்கும் பெரிய கேபினெட்டுக்கு.

பெரிய நிறுவனங்களில் சர்வரைப் பார்த்தால் தட்டையாக, பீட்சா டப்பா மாதிரி இருக்குமே என்று தோன்றலாம். அவற்றின் மிகச் சிறிய அளவு 1.75 அங்குல உயரம், அதாவது 44.45 மி.மீ. ஒரே அலமாரியில் நிறைய அடுக்கலாம் என்பதால் அந்த வடிவம். ஆனால் அதற்குள் 40 மி.மீ. அகலமுள்ள குட்டி விசிறியைத்தான் வைக்க முடியும். குட்டி விசிறி போதுமான காற்றைத் தள்ள வேண்டுமானால் நிமிடத்துக்கு 15,000 சுற்றுகூடச் சுற்றியாக வேண்டும். அப்போது இறக்கையின் நுனி விநாடிக்கு 31 மீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. கிழிபடும் காற்றுதான் கத்துகிறது. அதைப் படுக்கை அறையில் வைத்தால் யாரும் தூங்க முடியாது.

பெரிய கேபினெட்டில் 140 மி.மீ. விசிறி வைக்கலாம். 40-ஐ விட 140 மூன்றரை மடங்கு. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று கணக்கில் படித்திருப்பீர்கள். மூன்றரையை மூன்றரையால் பெருக்குங்கள்: 12-க்கு மேல் வரும். பன்னிரண்டு குட்டி விசிறிகளின் பரப்பை ஒரே பெரிய விசிறி தருகிறது. அதனால் அது நிமிடத்துக்கு 900 சுற்று சோம்பேறித்தனமாகச் சுற்றினாலே போதும். நுனி வேகம் விநாடிக்கு 7 மீட்டரைக்கூட எட்டாது. ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபெல் குறையும் என்பது பொறியாளர்களின் கணக்கு. பெட்டியில் இடம் இருந்தால் அமைதி தானாக வருகிறது.

எவ்வளவு காற்று வேண்டும்? சர்வர் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போகும் காற்றை விட வெளியே வரும் காற்று 10 டிகிரி மட்டுமே கூடுதலாகச் சுட வேண்டுமானால், விநாடிக்கு 8 லிட்டருக்குச் சற்று அதிகமான காற்று போதும். ஒரு பெரிய விசிறிக்கு இது விளையாட்டு.

ஆனால் இங்கே பலர் ஏமாந்து போகிறார்கள். பெட்டி பெரியது, உள்ளே காலியிடம் நிறைய, ஆகவே குளுகுளு என்று இருக்கும் என நினைக்கிறார்கள். காற்று சோம்பேறி, தடை இல்லாத வழியாகத்தான் போகும். நெருக்கமாக அடுக்கிய டிஸ்குகளுக்கு நடுவே நுழைந்து போவதை விட, பக்கத்தில் கிடக்கும் காலியிடம் வழியாகச் சுற்றிக்கொண்டு போவது அதற்கு வசதி. டிஸ்க் உள்ளே வெந்துகொண்டிருக்கும், பின்பக்கமோ ஜில்லென்ற காற்று வந்துகொண்டிருக்கும். டிஸ்குகளுக்கு இடையில் விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டு, பக்கவாட்டு ஓட்டையை ஓர் அட்டையால் அடைத்தால் காற்று வேறு வழியில்லாமல் டிஸ்கைத் தொட்டுக்கொண்டு போகும். டிஷ்யூ தாளை மெல்லிய கீற்றாகக் கிழித்து கேபினெட்டின் வெளிப்புறத்தில் ஒவ்வொரு இடுக்கின் முன்னாலும் பிடித்துப் பாருங்கள். உள்ளே இழுபடுகிறதா, வெளியே தள்ளப்படுகிறதா, அசையாமல் தொங்குகிறதா என்பதிலேயே காற்றின் பாதை தெரிந்துவிடும். காற்றை உள்ளே இழுக்கும் விசிறிகளை ஒன்று கூட்டி வைத்தால் தூசியும் குறையும். பெட்டிக்குள் அழுத்தம் கொஞ்சம் அதிகமாகி, இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் போகும். உள்ளே வரும் காற்று முழுவதும் விசிறியின் முன்னால் மாட்டிய வடிகட்டி வழியாகத்தான் வரும்.

பழைய பெரிய கேபினெட் கிடைத்தால் விடாதீர்கள். மதர்போர்டின் அளவும் அதன் திருகு ஓட்டைகள் இருக்கும் இடமும் 1995-இல் வந்த ஏடிஎக்ஸ் என்ற தர அளவுப்படி இன்னமும் நடக்கின்றன. அந்தக் காலத்துப் பெட்டியில் இன்றைய ஏடிஎக்ஸ் போர்டு உட்காரும். அந்தப் பெட்டிகளின் முன்பக்கத்தில் சிடி டிரைவுக்காக விட்ட அகலமான அறைகளும் இருக்கும். இப்போது சிடி யாருக்கு வேண்டும்? அதனால் ஒரு புதிர். ஓர் அறை 146 மி.மீ. அகலம், 41 மி.மீ. உயரம். ஹார்டு டிஸ்க் 102 மி.மீ. அகலம், 25 மி.மீ.க்குச் சற்று அதிகமான தடிமன். ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் மூன்று அறைகளில் எத்தனை டிஸ்க் வைக்கலாம்? அறைக்கு ஒன்று என்று மூன்று வைப்பது சாதாரண விடை. மூன்று அறைக்கும் நடுவே தட்டு இல்லை என்று நினைத்து, டிஸ்கைப் படுக்க வைக்காமல் புத்தகம் போல நிறுத்திப் பாருங்கள். உயரம் 102, இடம் இருப்பது 123. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் 146-க்குள் ஐந்து! இப்படி ஐந்து டிஸ்கை நிறுத்தும் கூடுகள் உண்மையாகவே கடையில் விற்கின்றன.

ஹார்டு டிஸ்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உள்ளே பளபளப்பான தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 தடவை, அதாவது விநாடிக்கு 120 தடவை சுழல்கின்றன. தட்டின் விளிம்பு மணிக்கு 130 கி.மீ. வேகத்தை நெருங்கும். அதற்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர். உங்கள் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். தட்டில் ஓர் அங்குல அகலத்துக்குள் லட்சக்கணக்கான தடங்கள். முனை தன் தடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்தாலும் அந்தச் சுற்றில் எழுத முடியாது. தட்டு ஒரு முழுச் சுற்று சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு 8 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். நமக்கு அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை, கம்ப்யூட்டருக்கோ நீண்ட காலம்.

2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் ஒரு வேடிக்கை செய்தார். ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் வரிசையின் முகத்துக்கு நேரே போய் ‘ஆ’வென்று கத்தினார். திரையில் இருந்த வரைபடத்தில் அந்தக் கணமே டிஸ்குகள் தடுமாறியது தெரிந்தது. குரலின் அதிர்வு முனைகளைத் தடத்திலிருந்து அசைத்துவிட்டது. வீடியோவாகவும் எடுத்து வெளியிட்டார்கள். நீங்கள் வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்!

கத்துவதற்கு ஆள் இல்லாவிட்டாலும், டிஸ்குகள் ஒன்றை ஒன்று உலுக்கும். இரண்டு டிஸ்கை ஒரே தகரச் சட்டத்தில் முறுக்கிவிட்டால் ஒரு விநோதமான ஓசை கேட்கும். ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் மெல்லப் பெருகும், பிறகு தேயும், மறுபடி பெருகும். இசைக்கவையை வைத்துப் பள்ளியில் காட்டும் விம்மல்தான் இது. ஒரு டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று, மற்றது 7,206 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிர்வெண் 120, 120.1. வித்தியாசம் 0.1. ஆகவே பத்து விநாடிக்கு ஒருமுறை ஓசை ஏறி இறங்கும். டிஸ்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரப்பர் வளையம் போட்டுத் திருகினால் அதிர்வு தகரத்துக்கு அதிகம் போகாது. கனமான பெரிய கேபினெட் குலுங்குவதும் குறைவு.

அடுத்தது மின்சாரம். நின்றுகொண்டிருக்கும் தட்டைச் சுழல வைக்க ஒரு டிஸ்க் 24 வாட் வரை கேட்கும். வேகம் பிடித்த பிறகு 5 முதல் 8 வாட் போதும். சர்வரில் பத்து டிஸ்க் இருந்து, எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினால் 240 வாட். அதனால்தான் சில சர்வர்கள் டிஸ்குகளை ஒவ்வொன்றாக, சில விநாடி இடைவெளியில் எழுப்புகின்றன. மின்சாரம் பகிரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்கள் எப்போதும் திறக்கக் கூடாது. வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். கேபினெட்டைத் திறப்பதும் பெரியவர் ஒருவர் கூட இருந்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான்.

நான்கு டிஸ்க் உள்ள வீட்டு சர்வர் சராசரியாக 50 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். அதற்குள் 72 யூனிட் ஓடியிருக்கும். பத்து டிஸ்க் வைத்தால் கணிசமாகக் கூடும். இடம் இருக்கிறதே என்று நிரப்புவது வெறும் ஜம்பம் என்பேன். இப்போது ஒரே டிஸ்க் 20 டெராபைட் பிடிக்கிறது. ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் பத்து டிஸ்கையும் சேர்த்ததைப் போல 500 மடங்கு. ஒரு குடும்பத்துக்கு நான்கு டிஸ்க் யதேஷ்டம். மிச்ச இடம் காற்றுக்கு.

நான்கு ஏன்? ஒரு டிஸ்க் செத்துப் போனாலும் தகவல் பிழைக்கத்தான். மூன்று டிஸ்கில் 6, 9, 4 என்று எண்களை எழுதுவோம். நான்காவதில் கூட்டுத்தொகை 19. இரண்டாவது டிஸ்க் போய்விட்டது. 19-இலிருந்து 6-ஐயும் 4-ஐயும் கழியுங்கள். தொலைந்த 9 கையில்! உண்மையான சர்வர் 0, 1 இரண்டை மட்டும் வைத்து இதைச் செய்கிறது. மூன்று நண்பர்கள் ஆளுக்கு 0 அல்லது 1 எழுதட்டும். மொத்தத்தில் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி நான்காவது ஆள் எழுதட்டும். பிறகு எந்த ஒரு சீட்டை ஒளித்து வைத்தாலும், அதில் இருந்தது என்னவென்று மற்ற மூன்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் அமெரிக்காவின் பெர்க்லியில் 1988-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இப்படிப்பட்ட முறைகளை வகைப்படுத்தி, ‘ரெய்டு’ என்று பெயரிட்டது. மலிவான டிஸ்குகளைக் கூட்டாக வேலை வாங்கி, விலை உயர்ந்த ஒன்றுக்கு ஈடு கொடுக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

தம்பி தெரியாமல் போட்டோக்களை அழித்துவிட்டால் இந்தக் கணக்கு உதவாது. நான்காவது டிஸ்க் உடனே கூட்டுத்தொகையையும் திருத்தி எழுதிவிடும், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். இடி விழுந்து பெட்டி மொத்தமும் கருகினாலும் இதே கதைதான். அதனால் முக்கியமானவற்றுக்கு இன்னொரு நகல் எடுத்து, தனியாக ஒரு டிஸ்கில் போட்டு, வேறு வீட்டில் வைக்க வேண்டும். அடுத்த விடுமுறைக்குப் பாட்டி ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள். வரும்போது அங்கே இருக்கும் பழைய நகலை வாங்கி வந்தால், அதில் புதுப் போட்டோக்களை ஏற்றி அடுத்த தடவை மாற்றி வைத்துவிடலாம்.