பெட்ரோல் காரும் பொதுமக்கள் கருத்தும்

பொதுமக்கள் கருத்து என்பது பலர் கூடி ஒரே குரலில் சொல்வது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், ஒரே மனிதரின் உள்ளத்திலும் இரு குரல்கள் எழுவதுண்டு. புதிய பெட்ரோல், டீசல் கார்களின் விற்பனையை நிறுத்துவது பற்றி ஐரோப்பாவில் நடைபெறும் விவாதம் இதற்கு நல்ல சான்று. "காற்று தூய்மையாக வேண்டுமா?" என்று கேட்டால், "வேண்டும்" என்பார். "அப்படியானால் இனி நீங்கள் புதிய பெட்ரோல் கார் வாங்க முடியாது" என்றால், அவரே தயங்குவார்.

பிரிட்டனைப் பார்ப்போம். 2040-ஆம் ஆண்டோடு இத்தகைய விற்பனை நிற்கும் என்று அந்நாட்டு அரசாங்கம் 2017-இல் அறிவித்தது. 2020-இல் அக்கெடு 2030-ஆகச் சுருங்கியது. 2023-இல் 2035-ஆக நீண்டது. 2025-இல் மீண்டும் 2030 என்று உறுதி செய்யப்பட்டது. பெட்ரோலும் மின்சாரமும் கலந்து ஓடும் கார்களுக்கு மட்டும் 2035 வரை இடமளித்தார்கள். தடை புதிய கார்களின் விற்பனைக்குத்தான்; முன்பே வாங்கிய வண்டியை ஓட்டுவதற்கு அன்று.

இந்த ஊசலாட்டம் ஏன்? வீட்டு முற்றத்தில் கார் நிறுத்த இடமுள்ளவர், இரவில் வீட்டு மின்சாரத்தைக் கொண்டே பாட்டரியை நிரப்பிக்கொள்ளலாம். வீதியோரத்தில் வண்டியை நிறுத்துபவர் பொது நிலையத்தை நாட வேண்டும். 2024-இல் வீட்டு மின்சாரத்திற்கு வரி நூற்றுக்கு 5. பொது நிலையத்திலோ 20. முற்றம் இல்லாதவர்மீதே அதிகப் பாரம் விழுந்தால், அவர் முணுமுணுப்பதை அறியாமை என்று ஒதுக்கலாகுமா?

நார்வே வேறு வழியில் சென்றது. 2025 முதல் புதிய கார்கள் யாவும் புகையற்றவையாக இருக்க வேண்டும் என்பதை 2017-இல் இலக்காகக் கொண்டது. தடைச் சட்டம் இயற்றவில்லை. பெட்ரோல் கார்கள்மீது கடும் வரி விதித்து, மின்சாரக் கார்களுக்குப் பல்லாண்டுகள் விலக்களித்தது. 2024-இல் அங்கு விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 மின்சாரக் கார்கள். நீர்மின்சாரம் மிகுந்த நாடு அது. எண்ணெயும் எரிவாயுவும் ஏற்றுமதி செய்து பெற்ற செல்வமும் உண்டு. எல்லா நாடுகளுக்கும் அவ்வழி எளிதன்று.

எனினும், ஓர் உண்மை புலப்படுவதாக நான் கருதுகிறேன். மாற்று கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் மக்கள் கருத்து தானே கனிகிறது. இல்லையேல், நல்ல நோக்கமும் சுமையாகத் தோன்றுகிறது. ஆகவே, மாணவ நண்பர்களே, "நூற்றுக்கு இத்தனை பேர் ஆதரவு" என்ற செய்தியைக் காணும்போது, கேட்கப்பட்ட கேள்வி யாது, அதன் செலவை யார் சுமப்பது என்று ஆராயுங்கள். எண்ணிக்கையின் பொருள் அப்போதுதான் விளங்கும்.