ஹைட்ரோஜெல் குருணை: மானாவாரி நிலக்கடலைக்கு எவ்வளவு உதவும்?

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள செம்மண் கொல்லைகளில் மானாவாரி நிலக்கடலை பயிரிடுவோர், விழுது இறங்கும் சமயத்தில் மழை இரண்டு வாரம் ஏமாற்றிவிடுமோ என்றுதான் அஞ்சுகின்றனர். அந்த இடைவெளியில் ஈரம் காக்கும் என்று சொல்லி விற்கப்படுவது ஹைட்ரோஜெல் என்னும் பாலிமர் குருணை.

அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தார் 1970-களில் மாவுச்சத்துடன் செயற்கை பாலிமரை இணைத்து, நீரை உறிஞ்சும் பொருளை உருவாக்கினர். நம் நாட்டில் புதுடில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், தாவர நாரிலுள்ள செல்லுலோஸைக் கொண்டு 'பூசா ஹைட்ரோஜெல்' தயாரித்தது. இதன் பாலிமர் சங்கிலிகள் வலைபோலப் பின்னியிருப்பதால் நீரில் கரையாது, ஊறி உப்பும். ரவை போன்ற குருணை வெந்த ஜவ்வரிசிபோல் ஆகிவிடும். மண் காயும்போது அந்த நீரை வேர் எடுத்துக்கொள்ளும். அடுத்த மழைக்கு மீண்டும் ஊறும்.

சுத்தமான நீரில் இது தன் எடையைப்போல் 350 மடங்கு உறிஞ்சும். சிபாரிசு ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ. 2 கிலோ குருணை ஒரு தடவைக்கு 700 லிட்டர் பிடிக்கும். ஓர் ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தாலே 4,000 லிட்டர் ஆயிற்றே! ஏக்கருக்கு 1,30,000 செடி என்றால், செடிக்குக் கிடைப்பது ஒரு தேக்கரண்டி நீர்தான். மழையே வேண்டாம் என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம்.

ஆகவே கொல்லை முழுதும் தூவுவது வீண். ஒரு பங்கு குருணையுடன் பத்துப் பங்கு உலர்ந்த பொடிமண் கலந்து, விதைக்கும் சாலிலேயே இடவேண்டும். கத்தரி, மிளகாய் நாற்றங்காலுக்குச் சதுர மீட்டருக்கு 2 கிராம் போதும். செலவு குறைந்து பலன் தெரியக்கூடிய இடம் இதுவே.

உப்புத் தண்ணீரில் குருணை சரியாக ஊறாது. ஒரு கிராமை மழைநீரிலும், இன்னொரு கிராமைக் கிணற்று நீரிலும் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். கடலைக்கு 40-45ஆம் நாளில் இடும் ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தும் இதன் உறிஞ்சும் திறனைக் குறைக்கும். அதற்காக ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் காய் பொக்காகும்.

முதல் பட்டத்தில் பத்து சென்ட்டில் மட்டும் இட்டு, பக்கத்திலேயே பத்து சென்ட்டை இடாமல் விட்டு, இரண்டின் காயையும் தனித்தனியே உலர்த்தி எடை போடவேண்டும்.