இசைத்தொகுப்பின் விலையில் சேராத செலவு

பிரிட்டனில் ஆண்டுதோறும் சிறந்த இசைத்தொகுப்புக்கு வழங்கப்படும் மெர்க்குரி பரிசை 2023 செப்டம்பரில் எஸ்ரா கலெக்டிவ் என்னும் ஐவர் குழு வென்றது. 1992இல் தொடங்கப்பட்ட அப்பரிசு ஒரு ஜாஸ் குழுவுக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை. அதற்கு முன்பெல்லாம் இறுதிப் பட்டியலில் பெயருக்கு ஒரு ஜாஸ் தொகுப்பு இடம்பெறும். பரிசு வேறொருவருக்குப் போய்விடும். பரிசைப் பெற்றுக்கொண்ட டிரம்ஸ் கலைஞர் ஃபெமி கொலியோசோ, இது தம் குழுவின் வெற்றி மட்டுமன்று, இளைஞர்களுக்கு இசை கற்பிக்க நேரத்தையும் உழைப்பையும் தரும் அமைப்புகள் அனைத்துக்கும் உரிய தருணம் என்றார். இதை வழக்கமான மேடைப் பணிவு என்று கடந்துவிடலாம். ஆனால், பொருளாதாரம் கற்பித்துப் பழகிய எனக்கு அது ஒரு கணக்கறிக்கையின் முதல் வரியாகவே பட்டது.

அக்கணக்கிற்குள் செல்லுமுன், இசையைப் பற்றிச் சில சொற்கள். ஜாஸ் என்றாலே புகை சூழ்ந்த அறையில் முதியோர் கண்மூடிக் கேட்கும் இசை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. கடந்த பத்தாண்டுகளில் லண்டன் இளைஞர்கள் வெளியிட்டுள்ள தொகுப்புகள் அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டன. ‘யூசெஃப் கமால்’ இரட்டையரின் ‘பிளாக் ஃபோகஸ்’ (2016) எழுபதுகளின் ஃபங்க் இசையிலிருந்து கிளைத்தது. ஃபங்க் என்பது ஜேம்ஸ் பிரவுன் அறுபதுகளில் வடித்தெடுத்த தாளமுறை. சுழற்சியின் முதல் அடியில் மொத்தக் குழுவும் அழுத்தமாக வந்து விழும். எஞ்சிய இடத்தில் பாஸ் கிதாரும் டிரம்ஸும் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டிருக்கும். மோசஸ் பாய்டின் ‘டார்க் மேட்டர்’ (2020) மின்னணு நடன இசையை ஜாஸுக்குள் கொண்டுவந்தது. சாக்ஸஃபோன் கலைஞர் நூபியா கார்சியாவின் ‘சோர்ஸ்’ (2020) என்னும் தொகுப்பில் அதே பெயர் கொண்ட உருப்படி ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் நீள்வது. ஜமைக்காவின் ரெகே நடையில் தொடங்கும் அதில், சாக்ஸஃபோன் அவசரமே இல்லாமல் மேலேறுவதைக் கேட்பது ஓர் அனுபவம். இதைக் கேட்கப் பயிற்சி எதுவும் தேவையில்லை என்பதை என் பேத்தி ஒரே நாளில் எனக்கு உணர்த்திவிட்டாள்.

இந்த இளைஞர்களில் பலர் கரீபியத் தீவுகளிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தோரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வீட்டில் கேட்ட ஆஃப்ரோபீட்டும் ரெகேயும் அவர்கள் வாசிக்கும் ஜாஸில் இயல்பாகக் கலந்துள்ளன. ஆயினும், வீட்டில் இசை ஒலித்தால் மட்டும் ஒரு தலைமுறைக் கலைஞர்கள் உருவாகிவிடுவதில்லை.

1991இல் பாஸ் கலைஞர் கேரி கிராஸ்பியும் ஜனீன் அயன்ஸும் ‘டுமாரோஸ் வாரியர்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினர். லண்டன் கேம்டனில் உள்ள ஜாஸ் கஃபேயில் இளைஞர்கள் ஒன்றுகூடி வாசிக்கும் அமர்வுகளிலிருந்து அது வளர்ந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் கட்டணம் செலுத்த இயலாதோருக்கும் முன்னுரிமை, பயிற்சி இலவசம். எஸ்ரா கலெக்டிவ் குழு அங்கே உருவானதுதான். நூபியா கார்சியாவும், ‘கோகோரோகோ’ குழுவின் டிரம்பெட் கலைஞர் ஷீலா மாரிஸ்-கிரேயும் அங்கே பயின்றவர்களே. விதைப்புக்கும் மெர்க்குரி பரிசுக்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள். எந்த முதலீட்டாளர் இவ்வளவு காலம் பொறுப்பார்?

வில்லியம் பாமல், வில்லியம் போவன் ஆகிய இரு பொருளாதார அறிஞர்கள் 1966இல் நிகழ்த்துகலைகளின் நெருக்கடி குறித்து ஒரு நூல் எழுதினர். ஆலையில் இயந்திரம் வந்ததும் ஒரு தொழிலாளியின் உற்பத்தி பல மடங்காகிறது, கூலியும் உயர்கிறது. ஆனால், இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நால்வர் இசையை இன்றும் நால்வர்தான் வாசிக்க வேண்டும். நேரத்தையும் குறைக்க முடியாது. மற்ற துறைகளின் கூலிக்கு ஈடாக அவர்களது ஊதியமும் உயர வேண்டியிருப்பதால், கலையின் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இதனைப் பல ஆண்டுகள் வகுப்பில் விளக்கியபோதெல்லாம் வாசிப்பவரை மட்டுமே எண்ணியிருந்தேன். கற்பிப்பவருக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பதிவான இசையைச் செலவின்றிக் கோடிப் பேருக்கு அனுப்பலாம். பன்னிரண்டு வயதுச் சிறுமி டிரம்பெட்டில் மூச்சைக் கட்டுப்படுத்தப் பழகுவதற்கு, பக்கத்தில் ஒருவர் வாரந்தோறும் அமர்ந்தே ஆக வேண்டும்.

அந்தச் செலவை ஏற்பவர் யார்? சந்தையில் அதற்கு விலை இல்லை. இசையை விற்கும் இணையத் தளங்கள் ஒரு முறை கேட்பதற்குத் தருவது ஒரு சென்ட்டிலும் சிறு பகுதி. ஓராண்டில் ஆயிரம் முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடலுக்குத் தொகை எதுவும் இல்லை என்று ஸ்பாட்டிஃபை 2024 முதல் விதியே வகுத்துவிட்டது. தொடக்கநிலைக் கலைஞர் பலருக்கு அந்த எண்ணிக்கையே மலைதான். கலைஞருக்கே வராத பணம் அவரது ஆசிரியருக்கு எங்கிருந்து போகும்? 2024 நவம்பரில் எஸ்ரா கலெக்டிவ் லண்டனின் வெம்ப்ளி அரினாவில் தனி நிகழ்ச்சி நடத்தியது. பிரிட்டன் ஜாஸ் குழு எதற்கும் அதற்கு முன் வாய்க்காத பெருமை அது. அங்கு விற்ற நுழைவுச்சீட்டுகளில் பழைய சனிக்கிழமை வகுப்புகளுக்கென்று பங்கு பிரிக்கும் வழி எதுவும் இல்லை.

சந்தை செய்யாததை அரசு செய்ய வேண்டும் என்பது பொருளியலின் தொடக்கப் பாடம். பிரிட்டனில் நடந்ததோ நேர்மாறானது. லண்டனின் இளையோர் மன்றங்களில் ஏறத்தாழ 30 சதவீதம் 2010க்கும் 2019க்கும் இடையே மூடப்பட்டதாக நிதி ஆய்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. மூடப்பட்ட மன்றங்களின் அருகில் வாழ்ந்த பிள்ளைகளின் தேர்வு முடிவுகள் சரிந்தன. குற்றங்களில் சிக்குவோர் கூடினர். சிக்கன நடவடிக்கையில் மிஞ்சிய தொகையைவிடச் சமூகம் இழந்தது அதிகம் என்பதும் அந்த ஆய்வின் முடிவு. இசை அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. 2012இல் பன்னிரண்டு வயதில் மன்றத்தின் கதவு மூடக் கண்ட பிள்ளைக்கு இப்போது இருபத்தைந்து வயதேனும் ஆகியிருக்கும். முதல் தொகுப்பு வெளியாக வேண்டிய வயது அது. வெளிவராமல் போன தொகுப்புகளை எண்ணிச் சொல்ல எந்தப் புள்ளிவிவரத் துறையாலும் இயலாது.

கேட்கத் தொடங்க விரும்புவோருக்கு ‘வீ அவுட் ஹியர்’ (2018) என்ற கூட்டுத் தொகுப்பைப் பரிந்துரைப்பேன். மூன்றே நாள்களில் பதிவு செய்யப்பட்ட ஒன்பது உருப்படிகள். குழுக்களின் பெயர்கள் வேறு வேறு. ஆனால், நூபியா கார்சியாவின் சாக்ஸஃபோன் அவற்றில் பலவற்றில் ஒலிக்கும். ஒருவர் குழுவில் மற்றவர் தயக்கமின்றிப் போய் வாசிக்கும் அந்த நெருக்கம் ஒரே கூடத்தில் கற்ற பிள்ளைகளிடம் இருப்பது. கடைசியில் வரும் கோகோரோகோவின் ‘அபூசி ஜங்ஷன்’ மட்டும் இரவில் கேட்க வேண்டியது.