பெருநாள் வரை பொறுக்கும் பணம்

மருதமுனையில் கைத்தறி வைத்திருப்பவரின் வருடக் கணக்கு எளிமையானது. நூலும் சாயமும் முதலில் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும். இரண்டும் பெரும்பாலும் இறக்குமதி என்பதால் டொலர் ஏறினால் அவையும் ஏறும். 2022இல் ரூபாய் விழுந்தபோது எத்தனை தறிகளை அது உலுக்கியது என்பதைக் கல்முனைக் கரையோரம் அறியும். பாவு ஓடுகிறவருக்கும் நெய்கிறவருக்கும் கிழமைக்குக் கிழமை கூலி போக வேண்டும். ஆனால், சாறனும் சாறியும் நல்ல விலைக்குப் போவது இரண்டு பெருநாள்களையும் சித்திரை வருடப் பிறப்பையும் ஒட்டித்தான். இடையில் கை இறுகியவர் நெய்ததை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். அவருடைய நெசவில் குறையில்லை. அவருக்குக் கிடைத்த பணத்துக்குத்தான் பொறுமையில்லை. சம்மாந்துறை வயலுக்கும், வாடைக் காலத்தில் கரையேற்றிவிடும் தோணிக்கும் இதே கணக்குத்தான்.

இந்தக் கரைக்கு இதுவரை பெரிதாக வந்தவை இரண்டு வகைப் பணம். 2004 டிசம்பர் 26 சுனாமி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பிறகு தொண்டு நிறுவனங்கள் தோணி தந்தன, தறி தந்தன, தையல் இயந்திரம் தந்தன. அந்த நேரத்தில் அது பேருதவி. அதில் குறை காண்பது நன்றி மறப்பது. ஆயினும் கருவி வந்த அளவுக்கு நடைமுறை மூலதனம் வரவில்லை, சந்தையும் வரவில்லை. திட்டக்காலம் முடிந்ததும் அலுவலகப் பலகைகள் இறங்கின. அடுத்து வந்தது நுண்கடன், குழுக் கடன். அதன் தவணை கிழமைதோறும் வாசலில் வந்து நிற்கும். பெருநாள் எப்போது, அறுவடை எப்போது என்று கேட்காது. நாடு முழுவதும் பெண்கள் இதில் சிக்கிய பிறகு, 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த கடன்களைத் தள்ளுபடி செய்யவும் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு வைக்கவும் நேர்ந்தது. உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன்பிருந்த நிலையை ஊகிக்கலாம்.

மூன்றாவது வகைப் பணமும் உலகில் உண்டு. 2001இல் நியூயோர்க்கில் தொடங்கிய அக்யூமென், அதே வருடம் சென்னையில் வேர்கொண்ட வில்குரோ போன்ற அமைப்புகள், சமூகப் பயனுள்ள தொழில்களில் பணம் போட்டு, கணக்கும் சந்தையும் கற்றுக்கொடுத்து, பல வருடங்கள் காத்திருக்கின்றன. தொழில் விழுந்தால் போட்ட பணமும் அதோடு போகும் என்பதை ஏற்றுக்கொண்டே வருகின்றன. இலங்கையிலும் லங்கா இம்பேக்ட் இன்வெஸ்டிங் நெட்வேர்க் இதே வழியில் இறங்கியிருக்கிறது. சாரத்தில் இதற்கு மிக நெருக்கமான ஒன்றைக் கல்முனை பஸாரின் வியாபாரிகள் பிக்ஹு பாடத்திலேயே கேட்டிருப்பார்கள். முழாரபாவில் ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார். இலாபம் பேசியபடி பங்கு. நட்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்புப் போகும். வட்டியை ஹராம் என்று விலக்கும் ஊர்களுக்கு இதைவிடப் பொருந்தும் முதலீட்டு முறை எது? அப்படியிருந்தும் இந்த வகைப் பணம் தறிக்கூடம் வரை வராததற்குக் காரணம், நிதி தரும் அமைப்புகள் கொழும்பில் இருந்துகொண்டு விண்ணப்பத்துக்குக் காத்திருப்பதும், வேகமாகப் பெருகும் தொழிலையே தேடுவதும்தான். தனித் தறியில் அந்தப் பெருக்கம் வராது. நாற்பது தறிகள் சேர்ந்து நூலை மொத்தமாக வாங்கி ஒரே பெயரில் விற்றால் வரும்.

இஸ்லாமிய வங்கிகள் இருக்கின்றனவே என்பார்கள். 2011இல் தொடங்கிய அமானா வங்கி பெரிய சாதனைதான். ஆனால், உலகெங்கும் இஸ்லாமிய வங்கிகள் பெரும்பாலும் முராபஹாவிலேயே, அதாவது பொருளை வாங்கி இலாபம் வைத்துத் தவணைக்கு விற்பதிலேயே, நிற்கின்றன. வைப்பாளரின் பணத்தைக் காக்க வேண்டிய வங்கி பிணை கேட்கத்தான் செய்யும். அதைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் வங்கியல்லாத அமைப்பொன்று தேவைப்படுகிறது. கணக்கு வைக்காதவரோடு எப்படி இலாபம் பங்கிடுவது என்ற கேள்வி இதைவிடக் கனமானது. நட்டம் என்று பொய் சொன்னால்? அந்த ஆபத்து உண்மையானது. எனவே வருகிற அமைப்பின் செலவில் கணிசமான பகுதி ஊரிலேயே இருந்து கணக்கெழுதிக் கொடுக்கும் ஆட்களுக்குப் போக வேண்டும். வட்டியும் பிணையும் இல்லாவிட்டால் பணம் திரும்பாது என்பதற்கு லாகூர் பதில் சொல்லியிருக்கிறது. 2001இல் அம்ஜத் சாகிப் தொடங்கிய அகுவத், கர்ழ் ஹஸன் எனும் வட்டியில்லாக் கடன்களைப் பள்ளிவாசல்களில் வைத்தே கொடுக்கிறது. 99 சதவீதத்துக்கு மேல் திரும்புவதாக அது கணக்குக் காட்டுகிறது. அதற்காக 2021இல் அவருக்கு மக்சேசே விருதும் கிடைத்தது. கடனும் பங்கு முதலீடும் வேறுதான். ஆனால் நம்பிக்கையை அறவிடுவதற்கான ஏற்பாடாக ஒரு ஊர் மாற்ற முடியும் என்பதற்கு அது போதிய சான்று.

ஸகாத்தை இதற்கு எடுக்கலாமா? எட்டுக் கூட்டத்தாருக்கு உரியதை வியாபாரத்தில் போடக்கூடாது என்கிற உலமாக்களின் தயக்கத்தை மதிக்க வேண்டும். கடனில் மூழ்கியவரை மீட்க அது தனியே பயன்படட்டும். முதலீட்டுக்கு உகந்தது, பணத்தையே நிலையான அறக்கொடையாக ஒதுக்கும் பண வக்பு. இங்கே பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் அதற்குத் தடை உண்டே என்பது நியாயமான ஆட்சேபம். ஷாஃபிஈகள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் உலமா சபை 2002இல் பண வக்பை ஆகுமாக்கியது; 2004இல் அது சட்டத்திலும் ஏறியது. இங்கே 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டமும் வக்பு சபையும் ஏற்கனவே இருக்கின்றன. பள்ளிவாசல் நம்பிக்கையாளர்கள் சேர்க்கும் நிதிக்குக் கொழும்பு அமைப்பொன்று சம பங்கு போட்டு, நட்டத்தை முதலில் தான் தாங்குவதாக எழுதிக் கொடுக்கட்டும். நிர்வாகத்தில் நெய்கிற பெண்களுக்கு வாக்கு இருக்கட்டும். வருடக் கணக்கை ஜும்ஆவுக்கு வருகிற எவரும் வாசிக்கும்படி பள்ளிவாசல் பலகையில் ஒட்டட்டும்.