மிருதங்கமும் இல்லை, வீணையும் இல்லை

ஜாஸ் என்றதும் ஹோட்டல் லாபியில் மெல்ல ஒலிக்கும் பியானோதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள விஜய் ஐயரின் ‘ஹிஸ்டாரிசிட்டி’ இசைத்தொகுப்பைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகன் விஜய். 1971இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். மூன்று வயதில் வயலின் வகுப்பில் சேர்ந்தார். பியானோவைப் பெரும்பாலும் காதால் கேட்டே கற்றுக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தார். பெர்க்லியில் இயற்பியல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர், நடுவில் இசைப் பக்கம் திரும்பினார். படிப்பு வீணாகவில்லை. மனித மனம் இசையை எப்படி உணர்கிறது என்பதையே ஆய்வு செய்து 1998இல் முனைவரானார். 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர்.

2009இல் ஜெர்மனியின் ஏசிடி நிறுவனம் வெளியிட்ட இத்தொகுப்பில் மூவர்தான் வாசிக்கிறார்கள். பியானோ விஜய், டபுள் பேஸ் ஸ்டீஃபன் கிரம்ப், டிரம்ஸ் மார்க்கஸ் கில்மோர். பத்துப் படைப்புகளில் நான்கு விஜய்யுடையவை. மற்றவை பிறருடைய பாடல்களின் மறுவாசிப்பு. கிராமி விருதுக்கும் இது முன்மொழியப்பட்டது.

‘மிஸ்டிக் புரூ’வில் அவருடைய கணிதம் கைகொடுக்கிறது. தாளப் பிரிவுகளை 3, 5, 8, 13 எனச் செல்லும் ஃபிபொனாச்சி எண்களின் விகிதத்தில் அமைத்திருக்கிறார். கேட்கும்போது கணக்கு தெரியாது, கால் தானாகத் தாளம் போடும்.

என்னை மிகவும் ஈர்த்தது ‘கலாங்’. இதன் மூலப் பாடலைப் பாடியவர் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம். சிறுவயதை இலங்கையில் கழித்து, அகதியாக லண்டன் சென்ற ஈழத்தமிழ்ப் பெண். அவருடைய மின்னணுத் துள்ளலை விஜய் குழு குரலே இல்லாமல், மூன்று கருவிகளில் கொண்டுவருகிறது. பியானோவே அங்கு ஒரு தாளவாத்தியம்.

“இதில் தமிழ் எங்கே இருக்கிறது?” வானொலியில் பணியாற்றும் என்னிடம் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. மிருதங்கமும் வீணையும் இல்லைதான். கறுப்பின அமெரிக்கர்கள் வளர்த்த இசையை முறையாகக் கற்று, அதற்குள் நின்றே விஜய் தன் குரலைத் தேடுகிறார். அந்தத் தேடலில் இன்னொரு புலம்பெயர்ந்த தமிழ்ப் பெண்ணின் பாட்டு அவர் கைக்கு வருகிறது. நம் பிள்ளைகளும் இப்படித்தான் வளர்கிறார்கள். அவர்கள் எந்த இசையைத் தொட்டாலும் அதில் நாம் கொஞ்சம் இருப்போம் என்று நான் நம்புகிறேன்.

முதன்முறை கேட்பவர்கள் ‘மிஸ்டிக் புரூ’வில் தொடங்கலாம். தலைப்புப் பாடல் சற்றுக் கடினம். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.